சிலுப்பாத கிடா

கிடா சிலுப்பவில்லை.

பூசாரி செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஆரம்பித்து வால் வரைக்கும் ஊற்றி முடித்துவிட்டார். கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம், நான்கு காலையும் நன்றாக ஊன்றிக்கொண்டு அது நிற்கிறது. குலவை போடுவதற்காக வாயருகே கையைக் கொண்டுபோன பெண்கள் அப்படியே நிற்கிறார்கள். மேளக்காரர் தூக்கிய குச்சியை இறக்கவில்லை. கிடா மெதுவாகக் கண்ணை மூடிக்கொண்டது. சுகமாக மூடிக்கொண்டது!

எங்கள் பக்கத்தில் நேர்ந்துவிட்ட கிடாவை நினைத்த மாத்திரத்தில் வெட்டிவிட முடியாது. சாமி முன்னால் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிடா உடம்பைச் சிலுப்பி உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். உதறாதவரைக்கும் கத்தியைத் தொடக்கூடாது. எனக்கு விவரம் தெரிந்த நாளாக எத்தனையோ கிடா வெட்டுக்குப் போயிருக்கிறேன், சிலுப்பாத கிடாவைப் பார்த்ததில்லை. குளிர்ந்த தண்ணீர் முதுகில் விழுந்தால் ஆடு உதறாமல் என்ன செய்யும்?

இந்தக் கிடா உதறாது. ஏன் உதறாது என்பது அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது நான் காரைக்காலில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஊர், காரைக்காலிலிருந்து அம்பகரத்தூருக்குப் பஸ் போகிற வழியில், வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், இரண்டுக்கும் நடுவில் வேதியியல். எதையாவது பிடித்துக்கொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. முந்தின வருஷம் ஹோமியோபதி. வீட்டில் தும்மினவர்களுக்கெல்லாம் சர்க்கரை உருண்டை கொடுத்தேன். அதற்கு முன்னால் கைரேகை. அந்த வருஷம் நூலகத்தில் ஒரு சின்னப் புத்தகம் கையில் சிக்கியது. அட்டை இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை, யார் எழுதியது என்றே தெரியாது. பௌத்தர்கள் தியானம் செய்கிற முறையைப் பற்றியது. பஸ் வருவதற்குள் பாதியைப் படித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் "இனிமே நான் மீன் சாப்பிட மாட்டேன்" என்றேன்.

"இது எத்தன நாளைக்கு?" என்றாள் அம்மா, அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமல்.

புத்தகம் சொன்ன விஷயம் எளிமையானது. மனசில் நான்கு குணங்களை வளர்க்க வேண்டும். மைத்திரி என்றால் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு. கருணை என்றால் துன்பப்படுகிறவருடைய துன்பம் தீர வேண்டும் என்ற தவிப்பு. முதிதை என்றால் அடுத்தவர் சந்தோஷத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவது. நான்காவது உபேட்சை, எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பது. அது எனக்குப் புரியவில்லை, தாண்டிப் போய்விட்டேன். முதலில் உட்கார்ந்து தனக்குத்தானே நல்லது நினைக்க வேண்டுமாம். அடுத்தது பிரியமானவர்களுக்கு. அதற்கடுத்தது பிடிக்கும் பிடிக்காது என்று எதுவும் இல்லாத ஓர் ஆளுக்கு. கடைசியில் நம்மைப் பகைக்கிறவருக்கு. நான்கு பேரும் மனசில் ஒன்றாகத் தெரிகிற வரைக்கும் விடக்கூடாது.

அதில் ஒரு கேள்வியும் இருந்தது. இந்த நாலு பேரும் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள். பலி கொடுக்க ஓர் ஆள் வேண்டும், யாரைத் தருகிறாய் என்று உன்னிடம் கேட்கிறார்கள். யாரைக் காட்டுவாய்? நான் உடனே, என்னையே காட்டுவேன் என்று பெருமையாகப் பதில் வைத்துக்கொண்டேன். பக்கத்தைப் புரட்டினால், அதுவும் தப்பு என்று இருந்தது. நாலு பேரில் ஒருவர் என்று கையை நீட்டினாலே மைத்திரி இன்னும் வரவில்லையாம். பஸ்ஸிலேயே எரிச்சலாக வந்தது. அப்புறம் கொள்ளைக்காரர்களுக்கு யார்தான் பதில் சொல்வது?

எனக்கு உட்கார வராது. கண்ணை மூடினால் கால் ஆடும். அதனால் நடமாடிக்கொண்டே செய்தேன். பிடிக்கும் பிடிக்காது என்று இல்லாத ஆளாகப் பஸ் கண்டக்டரை வைத்துக்கொண்டேன். "நீங்க நல்லா இருக்கணும், உங்களுக்குப் பயம் எதுவும் இல்லாம இருக்கணும்" என்று அவரையே பார்த்து மனசுக்குள் சொல்லிக்கொண்டு வருவேன். ஒருநாள் அவர் நேராக வந்து, "என்னம்மா, எறங்குற எடம் தாண்டிப் போச்சா? டெய்லி இப்படி முழிச்சு முழிச்சுப் பாக்குற" என்று கேட்டுவிட்டார். பின்சீட்டுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் அன்றோடு மைத்திரியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பகைக்கிற ஆளைத் தேட வேண்டியதே இல்லை. வாராவாரம் அம்பகரத்தூரிலிருந்து பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தார். என் அக்காவின் மாமியார். நாங்கள் எல்லோரும் அத்தை என்று கூப்பிடுவோம்.

அக்காவுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. இரண்டாவது பிறந்து, தொட்டில் கட்டுவதற்குள் போனது. மூன்றாவது தங்கியதும் அவள் எங்கள் ஊர் எல்லையில் இருக்கிற பெரியாச்சி கோயிலுக்குப் போய், ஈரப் புடவையோடு நின்று நேர்ந்துகொண்டாள். பிள்ளை ஒரு வருஷம் தாண்டினால் மொட்டை போட்டு, காது குத்தி, கிடா வெட்டுகிறேன் என்று. பெரியாச்சிதான் எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாய்ச்சிகளையும் பச்சைக் குழந்தைகளையும் காப்பாற்றுகிறவள். பூசை அவளுக்கு, கிடா அவள் பக்கத்தில் நிற்கிற வீரனுக்கு. பெண் குழந்தை பிறந்தது. ஒரு வருஷம் முடிகிற வரைக்கும் தாய் வீட்டிலேயே இருக்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கிடாவும் தாய் வீட்டுக்காரர்கள்தான் கொடுக்க வேண்டும் என்பது முறை. அப்பா ஒரு குட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து கொல்லையில் கட்டினார். பாப்பாவும் கிடாவும் எங்கள் வீட்டில் ஒன்றாக வளர்ந்தார்கள்.

அத்தை வருகிற நாளில் அக்கா காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாப்பாவுக்கு மை வைத்தது போதவில்லை, எண்ணெய் போதவில்லை, மெலிந்துவிட்டது என்று அத்தை வந்ததும் ஆரம்பிப்பார். ஒரு தடவை தாழ்வாரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டே என் அம்மாவிடம் சொன்னார்: "ரெண்ட முழுங்கிட்டு மூணாவதுக்குத் தாலாட்டுப் பாடுறா ஒம் மவ. தங்குனதுதான் தங்குச்சு, ஒரு ஆம்பளப் புள்ளையாத் தங்கக் கூடாதா?"

கதவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். நானும் நின்றிருந்தேன். முழுங்கிட்டு என்ற அந்தச் சொல் அக்காவின் முகத்தில் என்ன செய்தது என்பதைப் பார்த்தேன். பெற்ற தாயைப் பார்த்து ஒரு மனுஷி அந்த வார்த்தையைச் சொல்ல முடியுமா! அன்று சாயங்காலம் வைராக்கியமாக உட்கார்ந்து, "அத்தை, நீங்க நல்லா இருக்கணும்" என்று ஆரம்பித்தேன். பல் கடித்துக்கொண்டது. மறுபடி முயற்சி செய்தேன். "அத்தை, உங்க மூட்டுவலி தீரணும்." அவ்வளவுதான் வந்தது. மாதக்கணக்காக முயன்றும் மூட்டுக்கு மேலே என் மைத்திரி ஏறவில்லை.

கிடாவிடம் அந்தக் கஷ்டமே இல்லை. அதற்கு உண்ணி பிடித்தபோது, பாப்பா தவழ்கிற இடமாச்சே, தேய்த்துக் கழுவு என்று அம்மா சொல்லி ஆரம்பித்த வேலை அது. அப்புறம் அதையே என் தியானமாக்கிக்கொண்டேன். காலையில் அடிபம்புப் பக்கம் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து பாப்பாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள். இந்தப் பக்கம் நான் கிடாவைக் குளிப்பாட்டுவேன். முதலில் அது துள்ளியது, முட்டியது, ஒருதடவை வாளியோடு என்னையும் கவிழ்த்தது. வெந்நீரில் பழக்கினேன். அப்புறம் பச்சைத் தண்ணீர். ஊற்றுகிற ஒவ்வொரு செம்புக்கும், "உனக்குப் பயம் இல்லாம இருக்கட்டும், உனக்குப் பயம் இல்லாம இருக்கட்டும்" என்று சொல்லுவேன். காதில் தண்ணீர் போனால் மட்டும் பொறுக்காது, தலையிலிருந்து வால் வரைக்கும் உதறி எங்கள் எல்லோரையும் நனைத்துவிடும். அதனால் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஊற்றுவேன். போகப் போக, செம்பைப் பார்த்ததும் அதுவே காதை மடக்கிக்கொள்ளப் பழகிவிட்டது. மார்கழிக் குளிரில் பம்புத் தண்ணீரைத் தலையோடு ஊற்றினாலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். புத்தகம் வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே குதிப்பு. பயமே இல்லாத ஓர் உயிர்!

"ஆட்டுக்கு மந்திரம் சொல்றியா, இல்ல ஆடு ஒனக்குச் சொல்லுதா?" என்று அக்கா சிரிப்பாள். அவள் சிரிக்கிற நேரம் அது ஒன்றுதான்.

வெட்டப்போகிற கிடா என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அதற்காகத்தான் சண்டையும் போட்டேன். "அக்கா, பூசணிக்காய் ஒடைச்சாப் போதும்னு எத்தனையோ ஊர்ல மாத்திட்டாங்க. ஒரு உயிர எடுத்துத்தான் இன்னொரு உயிர் பொழைக்கணுமா?" என்று கேட்டேன்.

பாப்பாவின் உச்சந்தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த அக்கா நிறுத்தினாள். "பூசணிக்காய்னு நான் நேரலடி. கிடான்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். குடுக்கிறேன்னு சொன்னத மாத்துனா அவ என்ன செய்வா தெரியுமா?"

"ஒண்ணும் செய்ய மாட்டா. கல்லு."

"ஒனக்குக் கல்லு. ரெண்டு தடவ வெறுங்கையோட ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தவளுக்கு அது கல்லு இல்ல."

அப்பாவிடம் பேசினேன். அவர், "காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா?" என்று கேட்டுவிட்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார்.

அறுவடை முடிந்து, கொல்லை காய்ந்து கிடந்த மாசி மாதத்தில் நாள் குறித்தார்கள். காலையில் பாப்பாவுக்கு மொட்டை போட்டார்கள். காது குத்தும்போது அது கத்திய கத்தலில் பாப்பாவின் அப்பா, எங்கள் அத்தானே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொங்கல் பொங்கியது. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கிடாவுக்கு மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் மேளம், வேட்டு. மற்ற கிடாவாக இருந்தால் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கும். இது என் பக்கத்தில் நாய்க்குட்டி மாதிரி நடந்து வந்தது. நான் சொல்லிக் கொடுத்த பாடம் அது! பூசாரி செம்பைத் தூக்கியதும் காதை மடக்கிக்கொண்டது. மஞ்சள் தண்ணீர் விழுந்தது. நின்றது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. சிலுப்பாவிட்டால் வெட்ட முடியாது. வெட்ட முடியாவிட்டால் அவிழ்த்துவிடத்தானே வேண்டும்? வாதாடி ஜெயிக்க முடியாததை அடிபம்புத் தண்ணீர் ஜெயித்துவிட்டது!

பூசாரி இன்னொரு செம்பு ஊற்றினார். நின்றது. வேப்பிலையைத் தோய்த்து முகத்தில் அடித்தார். கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. கூட்டத்தில் பேச்சு எழும்பியது.

"தீட்டோட யாராச்சும் நிக்கிறீங்களா? நின்னா தள்ளிப் போயிடுங்க."

"பங்காளிய யாரையும் கூப்பிடாம விட்டுட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லப்பா. நேந்தவ என்னன்னு நேந்தாளோ, அதக் கேளு."

பூசாரி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவர் எங்கள் தெருக்காரர்தான், அக்காவைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறவர். ஆனால் அப்போது அந்தக் குரல் வேறாக இருந்தது. "உத்தரவு வரல தாயி. என்னன்னு நேந்த?"

அக்கா பாப்பாவை இடுப்பில் வைத்திருந்தாள். "புள்ள தங்குனா கிடான்னுதான் சொன்னேன். அதத்தான் சொன்னேன்" என்றாள். அப்புறம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "வேற என்ன சொன்னேன்? வேற ஏதாவது சொன்னேனா?" என்று என் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். அக்காவின் முகம் வெளுத்துப்போவதைக் கண்ணால் பார்த்தேன். கிடா வேண்டாம் என்று சொல்கிற சாமி வேறு எதை எடுத்துக்கொள்ளும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. எல்லாருடைய கண்ணும் பாப்பாவின் சந்தனம் பூசிய மொட்டைத் தலைக்குப் போய், சட்டென்று விலகிக்கொண்டது.

என் குதிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அக்காவின் பிடி நழுவியது. பாப்பா இடுப்பிலிருந்து வழுக்கியது.

பிடித்தது அத்தை.

போச்சு, இப்போது வாயைத் திறக்கப்போகிறார் என்று நினைத்தேன். இத்தனை பேர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லப்போகிறார். அக்கா இதோடு செத்தாள். ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தலாமா என்றுகூட நினைத்தேன்.

அத்தை பாப்பாவை என் அம்மா கையில் கொடுத்தார். இரண்டடி முன்னால் போனார். மஞ்சள் தண்ணீர் தேங்கி மண் சேறாகிக் கிடந்த இடத்தில், கிடாவின் குளம்புக்குப் பக்கத்தில், அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். ஆம்பளை மாதிரி, குப்புற. பெண்கள் அப்படி விழக்கூடாது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். யாரும் தடுக்கவில்லை, தடுக்கத் தோன்றவில்லை.

"அடியே பெரியாச்சி!" என்றார். அது கும்பிடுகிற குரலே இல்லை, தெருச்சண்டைக் குரல். "கிடா வேணாம்னா இந்தக் கட்டைய எடுத்துக்கடி! எம் பேத்திய விட்ரு! ரெண்ட முழுங்குனான்னு எம் மருமவளச் சொன்ன வாயி இதுதான்டி. அதுக்காகவா கிடாவ நிறுத்தி வச்சிருக்க? அவ என்ன செஞ்சா? இந்த வாயத்தானே நீ கேக்குற? எடுத்துக்க. இந்தா, எடுத்துக்க!"

சேற்றில் வாயை வைத்துத் தேய்த்தார். நரைத்த கொண்டை அவிழ்ந்து கிடாவின் கால் மேல் விழுந்தது. கிடா குனிந்து அதை முகர்ந்து பார்த்தது.

நான் உறைந்துபோனேன். பொட்டப்புள்ள என்று முகம் சுளித்த மனுஷி. அத்தனை நாளாக நான் பல்லைக் கடித்துக்கொண்டு "நல்லா இருக்கணும்" என்று சொன்னபோதெல்லாம் ஒரு விரற்கடை நகராத எதுவோ, யாரும் கேட்காமலே, நெஞ்சில் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனுஷி எழுந்திருக்க வேண்டும். அந்த வாய் சேற்றிலிருந்து எடுக்கப்பட வேண்டும். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கிடாவும் தெரியவில்லை.

"காதுல ஊத்துங்க."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். பூசாரி, "என்னம்மா?" என்றார்.

"காதுல. மடக்கி வச்சிருக்கு பாருங்க. நிமித்திட்டு ஊத்துங்க."

அவர் இடது கையால் காதை நிமிர்த்தினார். செம்பைச் சாய்த்தார். கிடா கண்ணைத் திறந்தது. தலையில் ஆரம்பித்து, கழுத்து, முதுகு, வால் நுனி வரைக்கும் உதறியது பாருங்கள், மஞ்சள் துளி கோயில் சுவரில் தெறித்தது, பூசாரி மேல், கீழே கிடந்த அத்தை முதுகு மேல், என் முகத்தில். குலவை காதைக் கிழித்தது. மேளம் எழும்பியது. யாரோ அத்தையைத் தூக்கினார்கள். அதற்கப்புறம் நடந்ததை எழுத மாட்டேன். அது கடைசிவரைக்கும் ஓடப் பார்க்கவில்லை என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

"படிச்ச புள்ளன்னா சும்மாவா!" என்று பூசாரி என்னைக் காட்டிச் சொன்னார். "நாம அதக் கவனிக்கவே இல்ல பாரு." பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஒரு பெண் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அத்தையைத் தேடினேன். அவர் அதற்குள் கொண்டையை முடிந்துகொண்டு, முகத்தில் சேறு காய்ந்திருக்க, சமையல் பக்கம் நின்று, "அரிசி களைஞ்சாச்சா இல்லையா? இப்படி வேடிக்க பாத்துக்கிட்டு நின்னா எப்ப எல போடுறது?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது போல!

நான் கோயிலுக்குப் பின்னால் வறண்டு கிடந்த வாய்க்கால் கரைக்குப் போய்விட்டேன். கொள்ளைக்காரர்கள் வந்தார்கள், கேட்டார்கள், நான் கையை நீட்டிக் காட்டிவிட்டேன். பிரியமான ஆளைக் காட்டினேன். பகையாளிக்காகக் காட்டினேன். இதற்குப் பெயர் கருணையா? கருணை என்றால் இளநீர் குடித்த மாதிரி குளுகுளு என்று இருக்கும் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். இது கத்தி இறங்கின மாதிரி இருக்கிறதே! எங்கே தப்பு என்று முதலிலிருந்து யோசித்துப் பார்த்தேன். உண்ணி எடுத்தது தப்பா, பயம் போக்கினது தப்பா, வாயைத் திறந்தது தப்பா? ஒரு படியில்கூட நிற்க முடியவில்லை.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். பாப்பா தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. குத்தின காதுகள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட வரலியா? ஒனக்கு ரசம் இருக்கு."

"வேணாம்."

பாப்பாவைத் தோளில் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். பிறகு, "காதுன்னு எனக்கும் தெரியும்டி" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"தெனம் பக்கத்துலதானே ஒக்காந்திருந்தேன். ஒரு தடவையா நனைச்சிருக்கு என்னைய? மொத செம்பு ஊத்துனப்பவே காத மடக்கிக்கிட்டத நானும் பாத்தேன்."

"அப்பறம் ஏன்க்கா சொல்லல?"

அவள் பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "அது அப்படி நின்னப்ப..." என்று ஆரம்பித்து, சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்குச் சந்தோசமா இருந்துச்சுடி. ஒரு நிமிசம். இதுவும் பொழச்சுக்கட்டுமேன்னு இருந்துச்சு. புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அப்படி நெனச்சுட்டேன். நேந்த கிடா பொழைக்கணும்னு நெனச்சுட்டேன்." அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "அதுக்காகப் பாப்பாவுக்கு எதாச்சும் வருமா? சொல்லு. அந்த ஒரு நிமிசத்துக்காக?"

அன்று எத்தனையோ பார்த்துவிட்டேன், ஆனால் இதுதான் என்னை அடித்துப் போட்டது. எந்த மந்திரமும் சொல்லாமல், எந்தப் புத்தகமும் படிக்காமல், எனக்கு வந்த அதே நினைப்பு அதே நேரத்தில் அவளுக்கும் வந்திருக்கிறது. எனக்கு அது வெற்றி. அவளுக்கு அது குற்றம். இனிமேல் பாப்பா தும்மினாலும் இருமினாலும் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நினைத்துக்கொள்ளப்போகிறாள்.

"வராதுக்கா."

"ஒனக்கு எப்படித் தெரியும்? ஒம் பொஸ்தகத்துல இருக்கா?"

புத்தகத்தில் நிறைய இருந்தது. நல்ல நினைப்புக்குக் கெட்ட பலன் கிடையாது என்று இருந்தது. அது தவிர என் சொந்தச் சரக்கு வேறு, கல்லு, காது நரம்பு, ஈரம், பழக்கம். எல்லாம் வரிசையாகத் தலைக்குள் வந்து நின்றன. அக்காவின் கண்ணைப் பார்த்தேன்.

"அத்தை விழுந்தாங்கல்ல" என்றேன். "சேத்துல வாய வச்சுத் தேச்சாங்கல்ல. அதுக்கப்பறம் யாரு வந்து பாப்பாவத் தொடுவாக்கா?"

சமாதானத்துக்காகத்தான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்போது நானே அதை நம்பினேன். அதுவும் எனக்கு அதிர்ச்சிதான்.

அக்கா என் முகத்தையே பார்த்தாள். பொய் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை. பிறகு மணிக்கட்டிலிருந்த பிடி மெல்லத் தளர்ந்தது. "எங்க அத்தையாடி அது?" என்றாள். "மூட்டுவலின்னு கோயில்ல தரையில ஒக்கார மாட்டாங்கடி. எப்படி விழுந்தாங்க?" விக்கல் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. "புதுப் பொடவ வேற. அப்பா எடுத்துக் குடுத்தது." சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. பாப்பா எழுந்துவிடாமல் இருக்க வாயை அதன் முதுகில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச?" பந்திப் பக்கமிருந்து அத்தையின் குரல் வந்தது. "புள்ளைக்குப் பால் குடுக்குற நேரம் தெரிய வேணாம்? எல்லாத்தையும் நான்தான் வந்து சொல்லணுமா?"

அக்கா அவசரமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "தோ வந்துட்டேன் அத்தை!" என்றாள். நான் அந்தக் குரலையே உற்றுக் கேட்டேன். மாமியார் மேல் அவளுக்கு இருக்கிற வழக்கமான பயம் அதில் அப்படியே இருந்தது. என் மணிக்கட்டில் நகம் பதித்த அந்த இன்னொரு பயம் இல்லை.